ஆலும் வேலும் பற்பசையும்

திருத்தணிக்கு அருகில் உள்ள திருவாலங்காட்டின் பெயரிலேயே ஆலமரம் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டுள்ள இறைவனுக்கு வடாரண்யேஸ்வரர் என்று பெயர். வடாரண்யம் என்றாலும் ஆலங்காடுதான். "ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி" என்பது பழமொழி. இதில் வரும் வேல் திருத்தணி முருகனின் வேல் அல்ல, வேலமரம்.

இந்தப் பழமொழியில் உண்மை உண்டு. ஆலம் விழுதிலும் வேலங்குச்சியிலும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. குச்சியை மென்று தேய்க்கும்போது பல்லில் படியும் அழுக்கு நீங்குகிறது. ஆனால் அதே கிராமங்களில் செங்கல் தூளாலும் அடுப்புக்கரியாலும் பல் துலக்கினார்கள். இவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் பல் துலக்குவது வியாபாரமானது. மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூடு பற்பொடியும், தமிழ்நாட்டில் கோபால் பற்பொடியும் புகழ் பெற்றன. 1916-ல் தொடங்கிய கல்கத்தா கெமிக்கல் நிறுவனம் வேப்பம் பற்பசை விற்றது. 1937-ல் கோல்கேட் இந்தியாவில் நிறுவனமாகப் பதிவானது.

சில பற்பொடிகளிலும் பற்பசைகளிலும் புகையிலையும் கலந்திருந்தது. புகையிலையும் செடிதானே, அதுவும் இயற்கைதானே! ஆனால் அது அடிமையாக்கும், வாய்ப் புற்றுநோயையும் தரும். பல் துலக்கும் பொருட்களில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-ல் தடை செய்தது. 1997-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது.

ஃப்ளோரைடின் கதை வேறு. பாறைகளிலும் நிலத்தடி நீரிலும் இயற்கையாகவே உள்ள இது, சிறிதளவில் பல் சொத்தையைத் தடுக்கும். அதுவே குடிநீரில் மிகுந்ததால் தருமபுரி மாவட்டத்தில் பலருடைய பற்கள் கறை படிந்தன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு! மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் ஃப்ளோரைடு இருப்பதில்லை. அவற்றை மட்டுமே பயன்படுத்தும் குழந்தைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

உடல்நலத்தோடு நியாயமும் பார்க்க வேண்டும். பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் வேப்பெண்ணெய்த் தயாரிப்புக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனமும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்திய உழவர்கள் முன்பே அறிந்தது இது என்ற வாதம் எழுந்தது. 2000-ல் அந்த உரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. பற்பசைக்கும் இது பொருந்தும். மூலிகையின் பெயரால் லாபம் வரும்போது, அந்த அறிவைக் காத்து வந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

ஆகவே டப்பாவில் உள்ள "இயற்கை" என்ற சொல்லும் பச்சை இலைப் படமும் எதையும் நிரூபிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருடைய அறிவு அது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது.