வேலியும் கிணறும்

அரசர் எழுப்பிய கோட்டை மதில்களின் வரலாற்றை நாம் பாடப் புத்தகங்களில் நிறையவே படித்திருக்கிறோம். குடிமக்கள் ஓலை மாற்றி மாற்றிக் கட்டிவந்த வேலிகளைப் பற்றி அப்புத்தகங்களில் ஒரு வரியும் இல்லை. ஓலை இரண்டொரு மாரியில் உக்கிப்போவது. அதில் சாசனம் பொறிப்பார் இல்லை. ஆயினும், கல்முனைக் கரையோர ஊர்களின் சமுதாய வரலாற்றை ஆராயப் புகும் ஒருவர் முதலில் திறக்க வேண்டியது இந்த வேலியின் படலையைத்தான் என்பது நம் கருத்து. எல்லை என்றதும் வாசகர் சிலருக்குக் கல்முனைப் பிரதேச செயலகத் தகராறு நினைவுக்கு வரலாம். அதைப் பேசுவோர் ஏராளம். நாம் பேச வந்தது வளவின் பின்புறத்து எல்லையை.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று தெற்கு நோக்கித் தொடரும் இவ்வூர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் இருப்பது ஒடுங்கிய மணல்மேடு. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாய் இருந்தவை. அந்நாட்டின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பொதுவாகக் கொண்டிருந்தனர் என்பது அறிஞர் பலரும் எடுத்துக்காட்டிய உண்மை. முக்குவர் சட்டம் என்று வழங்கிய இவ்வழமைபற்றிக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் ஒரு நூலே வெளியிட்டார். அவ்வாண்டின் மரபுரிமைக் கட்டளைச் சட்டமும், பின்னர் 1931இன் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் ஏட்டளவில் அவ்வழமையின் கதையை முடித்துவிட்டன. ஆனால் ஏட்டில் மடிந்தது வளவில் மடியவில்லை. மகளுக்கு மணம் என்றால் வீடு கொடுத்தாக வேண்டும். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவான். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. முதல் மகளுக்குத் தம் வீட்டையே ஒழித்துக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் ஒரு மூலையில் புதிதாய் ஒரு குடிசை போட்டுக்கொள்வதும் உண்டு.

இதன் விளைவு யாது? கடலையும் நகர்த்த முடியாது, நெல் விளையும் வயலையும் விட்டுவிட முடியாது. ஆகவே வளவு உள்ளுக்குள்ளேயே கூறுபட்டது. ஒரு தலைமுறையில் ஒன்றாயிருந்தது அடுத்த தலைமுறையில் மூன்றாயிற்று, நான்காயிற்று. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வேலி. வேலிக்கு அப்பால் இருப்பவர் அயலார் என்று பொதுப்படச் சொல்லுகிறோம். இங்கே அந்த அயலார் பெரும்பாலும் ராத்தாவோ, சாச்சியோ, பெற்ற உம்மாவோதான்.

தெருப்பக்கத்து வேலி ஆளுயரத்துக்கும் மேலாக நெருக்கிக் கட்டப்பட்டது. கிணற்றடியில் குளிக்கும் பெண்ணை வழிப்போக்கன் கண் காணலாகாது என்பதே அதன் நோக்கம். உள்வேலியின் சங்கதி வேறு. அதில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருக்கும். அரிவாள்மணையும், கறிக்கிண்ணமும், கைக்குழந்தையும் அந்தப் பொட்டு வழியாகவே போய்வரும். தெருவில் கால் வையாமலே நான்கைந்து வளவுகளைப் பெண்கள் கடந்துவிடுவர். ஆண்களுக்குக் கடைத்தெரு எப்படியோ, பெண்களுக்கு அப்படி இந்தப் பின்வளவுத் தொடர்.

இதனை ஒரு பொற்காலமாகத் தீட்டிக்காட்ட நாம் விரும்பவில்லை. சொத்துப் பெண்ணின் பெயரில் இருந்தது. தெருவோ அவளுக்கு மூடியிருந்தது. மருதமுனையின் கைத்தறிச் சாரம் நாடெங்கும் விலைபோயிற்று. அதற்கு நூல் சுற்றிக்கொடுத்த பெண் வேலிக்குள்ளேயே இருந்தாள். சீதன வீடும் கைக்கூலியும் ஏழை வாப்பாமாரின் முதுகை ஒடித்தன. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்களில் எத்தனை பேர் ஒரு மகளின், ஒரு தங்கையின் வீட்டுக்காகப் போனார்கள் என்பதை அவ்வூர்களில் எவரிடமும் கேட்டறியலாம். வேலி பெண்ணின் உடைமையைச் சுற்றியும் நின்றது. பெண்ணையே சுற்றியும் நின்றது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதி வரலாற்றை மறைப்பவர்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். இம்மணலில் சில முழம் தோண்டினாலே தண்ணீர் காணும். மரத்தாலோ சீமெந்தாலோ ஒரு கொட்டை இறக்கிவிட்டால் கிணறு ஆயத்தம். வீட்டுக்கு ஒரு கிணறு என்பது இக்கரையில் செல்வத்தின் அடையாளமன்று, மணலின் கொடை. இவ்வாறு எளிதில் கிடைத்ததாலேயே அதன் வாய் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கொட்டின் விளிம்பு முழங்காலளவில் நிற்கும். சில இடங்களில் நிலமட்டத்திலேயே முடியும். தவழும் குழந்தைக்கும், வாளியைப் பிடித்து விளையாடும் சிறுவனுக்கும் அது என்ன தடை? அயலான் பார்வைக்குத் தடையாக ஆறடி வேலி. நம் குழந்தையின் உயிருக்குக் காவலாக ஓரடி விளிம்பு! இந்தக் கணக்கை எவரும் பெரிதாய்க் கேள்விக்குட்படுத்தவில்லை.

பிறநாடுகளில் இக்கேள்வி எழுந்தது. வீட்டுக்கு வீடு நீச்சற்குளம் வெட்டிய நியூசிலாந்தில் 1987இலேயே குளத்தைச் சுற்றி வேலியிட வேண்டுமெனச் சட்டம் இயற்றினார்கள். அங்கே வேலி மானத்தைக் காக்க அன்று; பிள்ளையைத் தண்ணீரிடமிருந்து காக்க. உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டொன்றில் ஏறத்தாழ 3,72,000 பேர் நீரில் மூழ்கி இறப்பதாகவும், அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் கணித்தது. நீர்நிலைக்குத் தடுப்பு அமைப்பதை அது முக்கியப் பரிகாரமாகக் கூறிற்று. செல்வரின் குளத்துக்குச் சட்டம் காவல். ஏழையின் கிணற்றுக்குக் காவல் யார்?

நீண்ட காலம் அக்காவல் அந்தப் பொட்டாகவே இருந்தது என்று நாம் கருதுகிறோம். அடுத்த வளவில் நெல் புடைக்கும் சாச்சியின் கண் இந்த வளவின் கிணற்றடியிலும் இருந்தது. யார் பிள்ளை என்ற கேள்வி எழவில்லை. கை எட்டும் தூரத்தில் இருந்தவர் தூக்கினார். பின்னர் ஓலை போய்த் தகரம் வந்தது. தகரம் போய்ச் சீமெந்து மதில் வந்தது. ஓலைக்குப் பஞ்சம், வெளிநாட்டுப் பணம், சகோதரிகள் விற்ற துண்டில் குடியேறிய புதியவர்கள் என்று காரணங்கள் பல. மதிலில் பொட்டு வைப்பாரில்லை. மறைப்பு நிறைவு பெற்றது. கிணறு மட்டும் பழைய விளிம்போடு உள்ளே இருந்தது. அதைப் பார்த்திருந்த கண்கள் வெளியே போயின.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தபோது வேலியும் மதிலும் ஒன்றாய்ச் சாய்ந்தன. நாட்டிலேயே மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். 2005இல் அம்மாவட்டத்தின் 13 முகாம்களில் 3,533 பேரைப் பற்றி எடுத்த ஆய்வொன்று, பெண்களில் நூற்றுக்கு 17.5 பேரும் ஆண்களில் 8.2 பேரும் மாண்டதாகக் கண்டது. அலை வந்த வேளையில் வீட்டுக்குள் இருந்தவர்களே கூடுதலாய் மடிந்தனர் என்றும் அவ்வாய்வு கூறுகிறது. இது வேலியின் குற்றம் என்று ஒரே அடியாய்ச் சொல்லிவிட நமக்குச் சான்றில்லை. ஆனால் ஞாயிறு காலையில் வீட்டுக்குள் இருந்தவர் யார், வெளியே இருந்தவர் யார் என்பதை வகுத்தது எந்த வழமை என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

பின்னர் அரசு கரையோரத்தில் தடைவலயம் வகுத்தது. கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்றார்கள், பின்பு தளர்த்தினார்கள். மருதமுனையில் 65 மீற்றர் என்ற எண் ஒரு வீட்டுத் திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. புது வீடு வழங்கியபோது உறுதியில் எழுதுவதற்குக் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். ஆணின் பெயரைச் சொன்னார்கள். உம்மா வழியில் மகளுக்கு வந்த மண் போய், மருமகன் பெயரில் ஒரு வீடு வந்தது. தலைமுறை தலைமுறையாய் எந்த நீதிமன்றமும் பறியாத உரிமையை ஒரு விண்ணப்பப் படிவம் பறித்தது! படிவம் அச்சிட்டவர்களுக்கு அது தெரிந்துமிராது.

கிணறுகளில் உப்பேறியது. மக்கள் பதறி மீண்டும் மீண்டும் நீரை இறைத்தனர். இம்மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாய் மிதப்பது. அளவுமீறி இறைத்தால் கீழுள்ள உப்புநீரே மேலெழும். ஒரு வளவார் இறைப்பை நிறுத்திப் பயனில்லை. அடுத்த வளவாரும் நிறுத்தியாக வேண்டும். மலக்குழியின் கதையும் இதுவே. மதிலுக்கு மேலேதான் இரண்டு வளவு. மதிலுக்குக் கீழே ஒரே நீர். அயலவரின் குழி எங்கே வெட்டப்படுகிறது என்பது நம் பிள்ளையின் வயிற்றுப்போக்கைத் தீர்மானிக்கிறது. குழாய்நீர் வந்த பின்னும் குளிக்கவும் துவைக்கவும் கிணறே உதவும் வளவுகள் இன்னும் உண்டு. அவற்றின் வாய்க்கு இடுப்பளவுக் கட்டும், கனத்த வலைமூடியும் இடுவதற்கு ஒரு மதிலுக்கு ஆகும் செலவில் சிறு கூறு போதும். உள்ளூராட்சி மன்றங்கள் மதில் கட்ட அனுமதி கேட்டு வருவோரிடம் கிணற்றின் நிலையையும் கேட்கலாமே!

காணியைச் சகோதரிகளுக்குப் பிரித்து எழுதிய பழைய உறுதிகளில் கிணற்றுக்குத் தனி வாசகம் உண்டு. நிலத்துக்கு வடக்கும் தெற்கும் எல்லை சொல்லிவிட்டு, கிணற்றில் பங்கும் அதற்குப் போய்வரும் வழியும் இருவருக்கும் உரியன என்று எழுதினார்கள். அத்தகைய பங்குக் கிணறுகள் சிலவற்றின் மேலாகவே பின்வந்தவர்கள் மதிலை எழுப்பினார்கள். வாயின் பாதி இந்த வளவில், பாதி அந்த வளவில். இரு பக்கத்தாரும் தத்தம் பக்கத்தில் நின்று அள்ளுகிறார்கள். வாளி நீரைத் தொடும் ஓசை இரு பக்கமும் கேட்கிறது.