முள்முருங்கை நகரில் ஒரு மழைநாள்

சீனாவில் சுவான்சோ என்று ஒரு ஊர். பெயரைக் கேட்டதும் பலர் குவாங்சோவோடு குழப்பிக்கொள்வார்கள். குவாங்சோ என்பது பழைய கான்டன், நம்ம ஊர் வியாபாரிகள் சரக்கெடுக்கப் போய்வரும் இடம். சுவான்சோ அதற்கு வடகிழக்கே, ஃபூஜியான் மாகாணத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் கேள்விப்படாத ஊர்தான். ஆனால் 700 வருஷத்துக்கு முன்னால் உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபு மாலுமிகள் அதைச் சைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் இப்ன் பதூதாவும் அந்தப் பெயரில்தான் எழுதினார்கள். ஊரைச் சுற்றி நட்டிருந்த 'ச்சிதோங்' மரத்தின் பெயரிலிருந்து வந்தது அது. என்ன மரம் தெரியுமா? நம்ம முள்முருங்கை. கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்றும்போது தேடுவோமே, அதே மரம்!

சீனப் பயணத்தில் இந்த ஊருக்கு எங்கள் குழு ஒதுக்கியது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளும் விடாத மழை. வழிகாட்டியாக வந்த பெண் உள்ளூர்க்காரர், நல்ல ஆங்கிலம். குடை நுனியில் சிவப்புத் துணி கட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டே முன்னால் நடந்தார், நாங்கள் பன்னிரண்டு பேர் நனைந்த கோழிகள் மாதிரி பின்னால் போனோம். முதல் இடம் கைய்யுவான் கோயில். கி.பி. 686ல் தொடங்கிய பௌத்தக் கோயில். முற்றத்தின் இரு பக்கமும் இரண்டு கற்கோபுரங்கள், 13ஆம் நூற்றாண்டில் கட்டியவை. ஒவ்வொன்றும் 40 மீட்டருக்கு மேல் உயரம். மேகம் தாழ்ந்திருந்ததால் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை.

நிகழ்ச்சி நிரல்படி பிரதான மண்டபத்தின் பின்பக்கத்துக்குப் பத்து நிமிஷம்தான். "படம் எடுத்துக்குங்க, கிளம்பலாம்" என்பதுதான் வழக்கமாம். ஆனால் அன்றைக்கு மழை வலுத்துப் பெய்ததால் முற்றத்தைக் கடக்க வழியில்லை. பின் தாழ்வாரத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றோம். அந்தத் தாழ்வாரத்தில்தான் அந்த இரண்டு தூண்கள் இருக்கின்றன.

பச்சை கலந்த சாம்பல் நிறக் கல். பதினாறு பட்டை. நடுநடுவே சதுரப் பகுதிகள், அதில் வட்டத்துக்குள் சிற்பம். இரண்டு தூணிலும் சேர்த்து 24 வட்டங்கள். குனிந்து பார்த்தால் இரணியன் வயிற்றைக் கிழிக்கிற நரசிம்மர். இன்னொன்றில் உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே போகிற குழந்தைக் கண்ணன். முதலை பிடித்த யானையும் காப்பாற்ற வரும் திருமாலும் வேறொன்றில். கும்பகோணத்துப் பக்கம் ஏதோ ஒரு மண்டபத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. மண்டபத்துக்கு முன்னால் உள்ள மேடையின் அடித்தளத்தில் மனித முகமும் சிங்க உடலுமாக 70க்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள். அவையும் இதே வகைக் கல்தான்.

வழிகாட்டி சொன்ன விளக்கம் சுருக்கமானது: "இங்கே பழைய காலத்தில் இந்தியர்களின் கோயில் ஒன்று இருந்தது. அது அழிந்தபிறகு தூண்களை எடுத்து இங்கே வைத்தார்கள். அந்தக் கோயிலை எங்கள் ஊரில் 'ஃபான் ஃபோ சி'ன்னு சொல்லுவாங்க." அந்தச் சொல்லுக்கு 'வெளிநாட்டுப் புத்தர் கோயில்' என்று அர்த்தம். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. உள்ளூர் மக்களுக்குச் சிவன், திருமால் எல்லாரும் ஒருவகைப் புத்தர்கள்தான், கொஞ்சம் அயலூர்ப் புத்தர்கள், அவ்வளவே. அந்தக் கண்ணோட்டம் இருந்ததால்தான் பிற்காலத்தில் கோயிலைப் புதுப்பித்தவர்கள் நரசிம்மர் தூணைப் பௌத்த மண்டபத்தில் நிறுத்தத் தயங்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, யார் கட்டிய கோயில் அது? இதற்குப் பதில் சொல்கிற கல் 1956ல் இந்த ஊரில் கிடைத்தது. தமிழ்க் கல்வெட்டு, கடைசியில் ஒரு வரி சீனம். சக வருஷம் 1203, சித்திரை மாசம், அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீஸ்வரம் உடையார் என்ற இறைவனை எழுந்தருளச் செய்கிறார். எதற்காக? செகாசைக் கானின் உடல்நலத்துக்காக. யார் அனுமதியில்? அதே கானின் பர்மான்படி. 'பர்மான்' என்ற பாரசீகச் சொல் அந்தக் கல்வெட்டிலேயே வருகிறது. செகாசைக் கான் வேறு யாருமல்ல, குப்லாய் கான்!

வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1279ல் தென் சோங் அரச மரபு முடிந்து முழுச் சீனாவும் மங்கோலியர் கைக்கு வந்தது. அதே 1279ஐத்தான் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழ மரபு முடிந்த ஆண்டாகவும் சொல்கிறோம். தமிழகத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். 1281 தொடக்கத்தில் குப்லாயின் தூதர் யாங் திங்பி இதே சுவான்சோவிலிருந்து கப்பலேறி, இலங்கையைத் தொட்டு, பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார். ஒரு பக்கம் கான் நம் கரைக்குத் தூது அனுப்புகிறார், இன்னொரு பக்கம் நம் கரையிலிருந்து போனவர் கானுக்காகச் சாமியை எழுந்தருளச் செய்கிறார். ஆட்சி மாறி ரெண்டு வருஷம்தான். புது அதிகாரத்தின் பாதுகாப்பை ஒரு சிறு வணிகக் கூட்டம் கல்லில் வெட்டிப் பதிவு செய்து வைத்துக்கொண்டது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

மதியத்துக்குமேல் கடல்சார் அருங்காட்சியகம். அங்கே தமிழர்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டிய ஒரு கல் இருக்கிறது. மரத்தடியில் ஒரு லிங்கம், அதற்கு யானை துதிக்கையால் பூச்சாத்துகிறது. திருவானைக்கா தலபுராணம் தெரிந்த எவருக்கும் விளக்கமே தேவையில்லை. கூடவே நூற்றுக்கணக்கில் அரபு எழுத்துக் கல்லறைகளும், தாமரைமேல் சிலுவை வைத்த கிறிஸ்தவக் கற்களும் இருக்கின்றன. 1009ல் நிறுவிய பள்ளிவாசல் இன்றும் ஊருக்குள் நிற்கிறது. இத்தனை பேர் ஒன்றாக வாழ்ந்த ஊர்! எங்கள் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: "இவ்வளவு பேரும் அப்புறம் எங்கம்மா போனாங்க?"

வழிகாட்டி கொஞ்சம் தயங்கி, "யுவான் காலத்துக் கடைசியில் குழப்பம் வந்தது" என்று மட்டும் சொல்லி அடுத்த அறைக்கு நகர்ந்தார். அந்தக் குழப்பத்தைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

மங்கோலிய ஆட்சியில் வெளிநாட்டவருக்குத் தனிச் சலுகை. வரி, துறைமுகம், நிர்வாகம் எல்லாவற்றிலும் சீனர்களைவிட அவர்களுக்கு மேலான இடம். 1357ல் இங்கிருந்த பாரசீகப் படையினர் கிளர்ந்து நகரத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் பெயர் 'இஸ்பா', நம்ம 'சிப்பாய்' என்ற சொல்லுக்கும் அதே பாரசீக வேர்தான். பத்து வருஷம் சண்டை. 1366ல் சீனப் படை நகரத்தை மீட்டபோது வெளிநாட்டவரைக் கொன்று குவித்தது. மூக்கு உயரமாக, கண் ஆழமாக இருந்தாலே வெட்டினார்கள், அதில் முஸ்லிம் அல்லாதவர்களும் செத்தார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. இரண்டு வருஷத்தில் மிங் ஆட்சி வந்தது, தனியார் கடல் வணிகத்துக்குத் தடை போட்டது.

இதைத் தெரிந்துகொண்டு 1281 கல்வெட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். கானின் நலத்துக்காக வேண்டிக்கொண்ட வரி, ஒரு காலத்தில் அந்தச் சமூகத்துக்குக் கவசம். கானின் பரம்பரை விழுந்ததும் அதே நெருக்கம் பகையாகிப் போச்சு. அரசனை நம்பி வாழ்கிற சிறுபான்மை வணிகர்களுக்கு எந்த ஊரிலும் இந்த ஆபத்து உண்டு. பர்மான் தந்தவர் இருக்கிறவரைக்கும்தான் பர்மானுக்கு மதிப்பு.

கோயில் கற்கள் மதிலுக்கும் மேடைக்கும் வேறு கட்டடங்களுக்கும் போயின. ஒருவகையில் அதுதான் அவற்றைக் காப்பாற்றியது. 20ஆம் நூற்றாண்டில் சாலை போடவும், பின்னர் ஜப்பானியப் போர்க் காலத்திலும் நகர மதிலை இடித்தபோது, உள்ளே மறைந்திருந்த கற்கள் வெளியே வந்தன. அப்போது வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர், உயிரியல் படித்தவர், இடிபாடுகளுக்குள் அலைந்து, கைக்காசு கொடுத்து, கொத்தனார்களிடமிருந்து கற்களை வாங்கிச் சேர்த்தார். பின்னர் அவற்றை அரசுக்குக் கொடுத்துவிட்டார். 1957ல் சுவான்சோவின் சமயக் கற்கள் பற்றிப் புத்தகமும் போட்டார். நாங்கள் பார்த்த பல கற்கள் உடைந்து ஜல்லியாகாமல் தப்பியதற்கு இந்த ஒரு வாத்தியார் காரணம். ராஜாக்களைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இப்படிப்பட்டவர்களைப் பற்றி நாம் எழுதுவதில்லை.

இந்தக் கதைக்கு நம் பக்கமும் ஒரு பாதி இருக்கு. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தயுவான், தென்னிந்தியக் கரையில் செங்கல் கோபுரம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் 1267ல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்து இருந்ததாம். அது நாகப்பட்டினத்தில் நின்ற கோபுரம்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. நாகையில் 'சீனக் கோபுரம்' என்று ஐரோப்பியர்கள் வரைபடங்களில் குறித்த அந்தக் கட்டடம் 1867ல் இடிக்கப்பட்டது. ஆக, 1267ல் அவர்கள் நம் கரையில், 1281ல் நாம் அவர்கள் கரையில். கிட்டத்தட்ட ஒரே தலைமுறை. அவர்கள் ஊரில் நம் தூண்களாவது ஒரு தாழ்வாரத்தில் மிஞ்சின. நம் ஊரில் அவர்கள் கோபுரத்தின் ஒரு செங்கல்கூட இடத்தில் இல்லை.

2021ல் யுனெஸ்கோ சுவான்சோவின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கைய்யுவான் கோயிலும் அதில் ஒன்று. இனிமேல் கூட்டம் கூடும், வழிகாட்டிகளுக்கு நேரம் இன்னும் குறையும். நீங்கள் போனால் முன் வாசலில் கோபுரங்களோடு படம் எடுப்பதை முதலில் முடித்துவிட்டு, பின் தாழ்வாரத்துக்கு அரை மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். ஊர் முழுக்க முள்முருங்கை நட்ட காலத்தில், நம் மொழி பேசியவர்கள் அங்கே வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய், சாமி கும்பிட்டு, பிள்ளை பெற்று, கடைசியில் பெயர்கூட இல்லாமல் போனார்கள். சம்பந்தப் பெருமாள் ஒருவர் பெயர் மட்டும் மிஞ்சியது, அதுவும் அவர் இன்னொருவர் நலத்துக்காகக் கல் வெட்டி வைத்ததால்.