கும்பகோணத்துக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பிய பிள்ளைகள்

1/ திண்டுக்கல்ல ஓபி பார்க்கும்போது அடிக்கடி வர்ற கேஸ் இது. பையனுக்கு வயித்து வலி, ஸ்கேன் நார்மல். மெதுவா விசாரிச்சா, அப்பா இறந்து ரெண்டு மாசம் ஆகியிருக்கும். "இவன் அழவே இல்லைங்க டாக்டர், தைரியமான பையன்" என்பார் அம்மா.

2/ 2004 ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெரு பள்ளி. சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். விசாரணை ஆணையம், வழக்கு, 2014இல் தீர்ப்பு. எல்லாம் தேவைதான். ஆனா தப்பிச்சு வந்த பிள்ளை மறுபடி ஒரு வகுப்புல போய் உட்காரணுமே? பக்கத்துல உட்கார்ந்தவ இல்லையே!

3/ ஐந்தே மாதத்தில் சுனாமி. பெங்களூரு நிம்ஹான்ஸ் குழுவினர் வந்து, உள்ளூர் ஆட்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வரைய விடு, விளையாட விடு, பேசினா கேளு. மருந்துச் சீட்டே தேவைப்படாத வைத்தியம். தினமும் பிள்ளையைப் பார்க்கிறது டீச்சர்தானே, நாங்க இல்லையே.

4/ "சின்னப் புள்ள, மறந்துடும்" என்பவர்களுக்கு: வேல்ஸில் அபர்ஃபான் என்ற ஊர். 1966இல் நிலக்கரிக் கழிவு மேடு பள்ளி மேல் சரிந்து 116 குழந்தைகள் இறந்தார்கள். 33 வருடம் கழித்துப் பரிசோதித்த தப்பியவர்களில் 29 சதவீதம் பேருக்கு அந்த அதிர்ச்சி நோய் இன்னும் இருந்தது.

5/ டீச்சர்களே, துக்க வீட்டுப் பிள்ளை திரும்பி வர்ற அன்னிக்கு "நீதான் இனி வீட்டுக்கு ஆம்பளை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. வாரக்கணக்கில் தூங்கலை, சாப்பிடலை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்க. சாவைப் பற்றிப் பேசினா அன்னிக்கே. போன்ல கேட்கணும்னா 14416.