தல்க்: நம் முன்னோர் அறிந்த தேய்ப்பு மருத்துவம்



எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் உம்ராவை நிறைவேற்றி ஊர் திரும்பினார். நீண்ட விமானப் பயணம். மறுநாள் காலை இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. பயணக் களைப்பு என்றே அனைவரும் எண்ணினோம். தைலத்தைச் சூடாக்கி, காலை அழுத்திப் பிடித்துவிட ஆயத்தமானோம். மருத்துவம் பயிலும் பேத்தி மட்டும் தடுத்தாள். "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது வாப்பும்மா, யாரும் கை வைக்காதீர்கள்" என்றாள். பரிசோதனையில், காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தது தெரியவந்தது. அழுத்தித் தேய்த்திருந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். அல்ஹம்துலில்லாஹ், உரிய மருந்தால் பெரியவர் நலம் பெற்றார்.

உடம்பு பிடித்துவிடுவது யாரும், யாருக்கும், எப்படியும் செய்யக்கூடிய எளிய பணிவிடை என்றே நாம் கருதியிருந்தோம். நம் முன்னோர் அப்படிக் கருதவில்லை என்பதை அதன் வரலாற்றைப் புரட்டியபோது உணர்ந்தோம்.

பாக்தாதுக்கு வந்த அறிவு

தேய்ப்பை வகைப்படுத்தி எழுதியவர்களுள் முதன்மையானவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலென். அரபு நூல்கள் அவரை ஜாலினூஸ் என்று அழைக்கும். தேய்ப்பின் வன்மை, மென்மை, மிகுதி, குறைவு ஆகியவற்றுக்கேற்ப அதன் விளைவு மாறுபடும் என்று அவர் விளக்கினார். 9ஆம் நூற்றாண்டில், அப்பாசிய கலீஃபாக்களின் பாக்தாதில், ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ அறிஞரும் அவருடைய மாணவர்களும் காலெனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தார்கள். அறிவு எவரிடமிருந்து வந்தாலும் ஏற்றுக்கொண்ட காலம் அது.

அந்த அறிவை ஒழுங்குபடுத்தித் தந்தவர் இப்னு சீனா (980–1037). புகாரா அருகே பிறந்த அவர், தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலின் முதற்பாகத்தில் உடல்நலம் பேணுவதைப் பற்றிப் பேசும்போது 'தல்க்', அதாவது தேய்ப்பு, குறித்துத் தனியே எழுதுகிறார். வன்மையான தேய்ப்பு உடலை இறுக்கி உறுதியாக்கும், மென்மையானது தளர்த்தும், நெடுநேரம் செய்வது உடலை மெலிவிக்கும், மிதமானது வளர்க்கும் என்பது அவர் தரும் வகைப்பாடு. முரட்டுத் துணியால் தேய்ப்பதும் உள்ளங்கையால் நீவுவதும் வெவ்வேறு பயன் தருபவை என்றும் பிரிக்கிறார். உடற்பயிற்சிக்கு முன் மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக வலுக்கும் தேய்ப்பு ஒன்று. பயிற்சி முடிந்தபின் எண்ணெயிட்டு மிதமாகச் செய்யும் தேய்ப்பு மற்றொன்று. இன்றைய விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி தருவோரும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள்.

எங்களை நிறுத்தி வைத்தது முதியோரைப் பற்றிய அவருடைய குறிப்பு. முதியவர்களுக்கான தேய்ப்பு தன்மையிலும் அளவிலும் நடுத்தரமாக இருக்க வேண்டும். நலிந்த உறுப்புகளையும் மூத்திரப்பையின் பகுதியையும் தொடவே கூடாது என்கிறார். இப்னு சீனா சார்ந்திருந்த நான்கு கலத்துகளின் கோட்பாட்டை இன்றைய அறிவியல் கைவிட்டுவிட்டது. ஆயினும், ஆளைப் பார்த்து அளவைத் தீர்மானித்தல் என்ற அவருடைய அணுகுமுறைக்கு வயதாகவில்லை.

ஹம்மாமும் அதன் ஒழுங்கும்

இந்த அறிவு மக்களிடையே புழங்கிய இடம் ஹம்மாம் எனப்படும் வெந்நீர்க் குளியல் மண்டபம். அங்கே தேய்த்துவிடுபவருக்குத் 'தல்லாக்' என்று பெயர். அது மேற்பார்வைக்கு உட்பட்ட தொழில். சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிக்காக 12ஆம் நூற்றாண்டில் சிரியாவின் அல்ஷைஸரி எழுதிய கையேட்டில் ஹம்மாமுக்கென ஓர் அத்தியாயமே உண்டு. தேய்ப்பவர் தம் கைகளை மாதுளம் தோலால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அழுக்கு நீங்கும், குளிப்பவருக்கும் இதமாக இருக்கும் என்கிறது அந்நூல். மொச்சை வகையையும் பருப்பையும் உடலில் தேய்ப்பதைத் தடுக்கிறது. உணவை இழிவுபடுத்தலாகாது என்பது அதற்கான காரணம். பயத்தமாவு தேய்த்துக் குளித்து வளர்ந்த நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்!

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் 'இஹ்யா'வில் ஹம்மாமின் ஒழுக்கங்களை விரித்துரைக்கிறார். அவ்ரத்தைப் பிறர் பார்வையிலிருந்து மட்டுமல்ல, பிறர் தொடுகையிலிருந்தும் காக்க வேண்டும். தல்லாக்கின் கை தொடைப் பகுதிக்கு வருவதைத் தடுக்க வேண்டும் என்கிறார். உஸ்மானியர் காலத்தில் இந்த ஒழுங்கு கட்டடங்களிலேயே இடம்பெற்றது. நூர்பானு சுல்தானுக்காக 1584இல் கட்டப்பட்ட இஸ்தான்புல்லின் செம்பர்லிதாஷ் ஹம்மாமில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. உடலுக்கு இதமளிப்பதும் நாணம் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அந்தக் கட்டடம் இன்றும் காட்டி நிற்கிறது.

பாட்னாவிலிருந்து பிரைட்டனுக்கு

ஐரோப்பாவுக்கு இக்கலை சென்ற வழிகளுள் ஒன்று நம் நாட்டிலிருந்து தொடங்கியது. 1759இல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணிபுரிந்துவிட்டு 1784இல் அயர்லாந்தில் குடியேறினார். அங்கேயே மணமுடித்து, பின்னர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்துவிட்டார். 1810இல் இலண்டனில் அவர் திறந்த இந்திய உணவகம் நட்டத்தில் முடிந்தது. மனம் தளராமல் கடலோர நகரமான பிரைட்டனுக்குச் சென்று, மூலிகை நீராவிக் குளியலோடு உடல் பிடித்துவிடும் சிகிச்சையைத் தொடங்கினார். நோயாளி ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் இருப்பார். துணியிலுள்ள திறப்புகள் வழியே கைகளை நுழைத்துப் பிடித்துவிடுவார்கள். பெண்களுக்கான பகுதியை அவருடைய மனைவி ஜேன் கவனித்துக்கொண்டார். மன்னர் நான்காம் ஜார்ஜும் அவருக்குப்பின் நான்காம் வில்லியமும் தீன் முஹம்மதுவை அரண்மனைக்குரியவராக நியமித்தார்கள். இன்று தலைக்குத் தேய்க்கும் 'ஷாம்பு'வின் பெயர்கூட, 'அழுத்திப் பிடி' என்று பொருள்படும் 'சாம்போ' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்ததே.

இன்று நம் தேர்வு

இன்று ஊர்தோறும் 'ஸ்பா' பலகைகள் தொங்குகின்றன. சுவீடிஷ், தாய், ஆழ்திசு எனப் பெயர்கள் பெருகிவிட்டன. யுனானி மருத்துவம் தல்க்கை 'இலாஜ் பித் தத்பீர்' என்னும் சிகிச்சைப் பிரிவில் இன்றும் வைத்திருக்கிறது. தமிழ் மண்ணின் சித்த மருத்துவமோ இதனைத் 'தொக்கணம்' என்று அழைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. பெயர் எதுவாயினும், முன்னோர் கேட்ட மூன்று கேள்விகளை நாமும் கேட்டால் போதும் என்று கருதுகிறோம்.

முதலாவது: யாருக்கு? களைப்பும் மனச்சோர்வும் உள்ளவருக்கு எண்ணெயிட்ட மென்மையான நீவல் போதும். கடினமாக உழைத்து இறுகிய தசைகளுக்குச் சற்று வலுவான அழுத்தம் பொருந்தும். முதியவர்களுக்கும் எலும்பு நலிந்தவர்களுக்கும் வன்மை ஆகாது. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் தைலமும் ஒத்தடமும் புண்ணாக்கிவிடும். காய்ச்சல், எலும்பு முறிவு, திறந்த புண், ஒரு கால் மட்டும் திடீரென வீங்குதல் ஆகியவை இருந்தால் கை வைக்கவே கூடாது. கருவுற்றவர்களும் இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது: யார் செய்வது? முடக்குவாதம், மூட்டுநோய் போன்றவற்றுக்குப் பதிவுபெற்ற யுனானி, சித்த மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ நாட வேண்டும். தேய்ப்பு முதுகுவலிக்குத் தற்காலிக இதம் தரும். எல்லா நோயையும் தீர்க்கும் என்று வாக்களிப்பவரை நம்பி, உண்ணும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

மூன்றாவது: எவ்விதம்? ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும், மறைக்க வேண்டியதை மறைத்தே செய்யும் இடமா என்று முன்கூட்டியே கேட்டறியத் தயங்க வேண்டாம். அப்படிக் கேட்பது நம் உரிமை.

வீட்டுப் பெரியவர்களின் காலைப் பிடித்துவிடும் வழக்கத்தை விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. அது பிள்ளைகள் செய்யும் நற்பணி. பிடிக்கும் முன் இரு கால்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள் என்றே வேண்டுகிறோம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த உடல் ஓர் அமானிதம். அதை அறிவோடு பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.