ஆயில் சல்லடையும் டெல்டாவின் எஞ்சின்களும்

எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய்க்கு இரண்டு வழிகள் உண்டு. ஒருமுறை உராய்வைத் தணித்தபின் எரிந்தோ சொட்டியோ போய்விடுவது ஒரு வழி. அடித்தொட்டிக்குத் திரும்பி, பம்ப்பால் மறுபடியும் மேலேற்றப்படுவது மற்றொரு வழி. திரும்பி வரும் எண்ணெய், பல்சக்கரம் உதிர்த்த உலோகத் துகளையும் கிளட்ச் தட்டின் நாரையும் கேஸ்கெட் பசையின் பிசிறையும் சேர்த்தே கொண்டுவரும். பம்ப்பின் வாய்க்கு முன்னால் நின்று அவற்றைப் பிடிக்கும் கம்பி வலைதான் ஆயில் சல்லடை. பட்டறைகளில் ஸ்ட்ரெய்னர் என்பார்கள். தஞ்சை வட்டாரத்தில் அதைக் கழற்றிக் கழுவி மாட்டும் வேலை ஒரே சீராக வளரவில்லை. எண்ணெய் சுற்றி வரும் எஞ்சின்கள் வந்தபோது வந்தது, அவை குறைந்தபோது குறைந்தது.

டெல்டாவுக்கு முதலில் வந்த பெரிய எந்திரம் ரயில். நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை 1861-இல் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் இயங்கிய ரயில்வே பணிமனை பின்னர் பொன்மலைக்கு மாறியது. ஃபிட்டர் தொழில் மோட்டார் வண்டிகளுக்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது. ஆனால் அக்கால நீராவி எஞ்சினின் சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது. தீரத் தீர ஊற்றுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மோட்டார் சைக்கிள்களும் அப்படியே. ஓட்டுபவர் அவ்வப்போது கைப்பம்ப்பை அழுத்தி எண்ணெய் விடுவார்; அது எரிந்தும் ஒழுகியும் தீரும். இவற்றில் சல்லடை கழுவும் வேலை இல்லை.

நெல் வட்டாரத்தில் அந்த வேலையைப் பரவலாக்கியவை டீசல் பம்ப்செட்டுகள். 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. மேட்டூர்த் தண்ணீர் வருமுன் நாற்றங்கால் போடவும், ஆற்றில் நீர் குறையும் காலத்தில் பயிரைக் காக்கவும் வடிமுனைக் குழாய்க் கிணறுகள் பெருகின. ஆழம் குறைந்த மணல் அடுக்கில் இறக்கிய குழாயின் நுனியில் மணலைத் தடுக்க ஒரு வடிகட்டி. மேலே தண்ணீரை இறைக்கும் டீசல் எஞ்சினின் அடித்தொட்டியில் ஆயிலுக்கு ஒரு சல்லடை. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து எண்ணெயை வடித்து, சல்லடையை மண்ணெண்ணெயில் அலசி மாட்டுவது பம்ப்செட் பராமரிப்பில் ஒரு பகுதியாயிற்று.

மோட்டார் சைக்கிளில் இதற்கு இணையான வேலையைக் கொண்டுவந்தது புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. பழைய புல்லட்டில் எஞ்சின், கியர் பெட்டி, முதன்மைச் செயின் அறை மூன்றுக்கும் உயவு தனித்தனி. எஞ்சின் எண்ணெய் கிராங்க் அறையோடு சேர்த்து வார்க்கப்பட்ட தொட்டியில் நிற்கும். ஒரு பம்ப் அதை எஞ்சினுக்குத் தள்ளும், மற்றொன்று திருப்பி எடுத்துவரும். டைமிங் பக்கத்து அறையில் ஃபெல்ட் வடிகட்டி ஒன்று, ஸ்பிரிங், வாசர்களோடு இருக்கும். அதைப் பெட்ரோலில் கழுவியோ புதிதாக மாற்றியோ மாட்டும்போது ஒரு வாசரை விட்டுவிட்டால் எண்ணெய் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே போய்விடும். மாட்டியபின், ராக்கருக்குப் போகும் குழாயின் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தால்தான் ஓட்டம் சீரானது உறுதியாகும்.

புல்லட் விலை கூடிய வண்டி. அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை சாலையை நிறைத்தவை ஜாவா, ராஜ்தூத் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகள். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் அதே வகை. பெட்ரோலோடு கலந்த எண்ணெய் எரிந்து புகையாகிவிடும். கியர் பெட்டி உள்ள வண்டிகளில் அதற்குத் தனி எண்ணெய். பல்சக்கரங்களே அதை வாரி இறைத்துக்கொள்ளும். மெக்கானிக்குக் கரி சுரண்டும் வேலையும் பிளக் துடைக்கும் வேலையும் மிகுந்தன. சல்லடை கழுவுவது அரிதாயிற்று.

1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபின் நிலை மாறியது. 97.2 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கிராங்க் தண்டின் வலக்கோடியில் சுழலும் கிண்ணம் ஒன்று கனமான துகளை ஓரத்தில் ஒதுக்கும். அடியில் பம்ப்புக்கு முன்னால் கம்பி வலைச் சல்லடை ஒரு பிளவில் செருகி இருக்கும். இரண்டையும் எட்ட வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். ஆகவே சாதாரண ஆயில் மாற்றத்தில் அடி போல்ட்டைத் திறந்து வடிப்பதோடு நிறுத்துவதும், கிளட்ச் வேலை வரும்போது சல்லடையைக் கழுவுவதும் வழக்கமாயிற்று.

கழுவும் முறையில் சிக்கல் இல்லை, கவனம்தான் வேண்டும். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது எண்ணெயை வடித்தால் கசடும் சேர்ந்து இறங்கும். வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் காற்றடித்து உலர்த்த வேண்டும். கம்பியால் குத்தினால் கண் கிழியும். பழந்துணியால் துடைத்தால் நூல் ஒட்டும். கிழிந்த வலையை மாற்றியே ஆக வேண்டும். மெல்லிய விளிம்பு உள்ளே போகும்படி செருகி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்து, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முறுக்குவார்கள். பசையை அள்ளிப் பூசினால், பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து அதே சல்லடையை அடைக்கும். எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, வண்டியை நேராக நிறுத்தி அளவுகோலைத் திருகாமல் வைத்து மட்டம் பார்க்க வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப்பின் டூ ஸ்ட்ரோக் வேகமாகப் பின்வாங்கியது. வலையையும் ஸ்பிரிங்கையும் ஓ-ரிங்கையும் அடி மூடியிலேயே வைத்த வண்டிகளில் மெக்கானிக்கின் வேலை எளிதானது. ஆனால் அலுமினிய உடலில் அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும். 2008-க்குப்பின் படிப்படியாக வந்த புது எஞ்சின் புல்லட்டுகளில் எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்தன. காகித வடிகட்டியும் அடிச் சல்லடையும் சேர்ந்தே இருந்தன. வயல் வரப்பிலும் நெல் மூட்டையோடும் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல், 2015-இல் எக்ஸ்எல் 100 ஆக ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியபின், பெட்ரோலில் எண்ணெய் கலந்து வந்தவர்களுக்கும் ஆயில் மாற்றுவது புது வழக்கமானது.

டெல்டாவில் இந்த வேலையைக் கூட்டுவது மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிய வண்டியின் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால், எண்ணெயோடு கலந்து பாலூற்றிய காப்பி நிறமாகும். அந்தக் குழம்பு சல்லடைக் கண்களில் படியும். அப்போது ஒருமுறை வடிப்பது போதாது. சல்லடையைக் கழுவி, புது எண்ணெய் விட்டுச் சிறிது ஓட்டி, மறுபடியும் வடிக்க வேண்டும். வடித்த எண்ணெயைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசும் வழக்கம் இன்னும் உண்டு. ஆனால் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பழைய எண்ணெயைக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவாகவே வைக்கின்றன. வாய்க்காலில் கொட்டினால் அது பாசன நீரோடு வயலில் பரவும். தனி டின்னில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுப்பதே முறை.