இருபது எழுத்துகளும் ஒரு விளையாட்டும்

காணொளி விளையாட்டு உருவாகும் முறையை விளக்குவோர் ஓவியத்தையும் இசையையும் நிரலையுமே பெரிதும் பேசுவர். மொழியியல் பயின்ற நாம் அதன் எழுத்து வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

1986 மே 27 அன்று ஜப்பானின் எனிக்ஸ் நிறுவனம், நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கென ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. கதையமைப்பு யூஜி ஹோரீயுடையது. நிரலாக்கத்திற்குத் தலைமை தாங்கியவர் கோய்ச்சி நக்கமுரா. ஓவியம், இசை, நிலப்படம், உரையாடல் ஆகிய அனைத்தும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே இதனினும் பன்மடங்கு இடம் தேவை.

ஜப்பானியர் மூவகை எழுத்துகளைக் கலந்து எழுதுவர். ஆயிரக்கணக்கான கன்ஜி எழுத்துகளுக்கு அங்கே இடமேது? உரையாடல் ஹிராகானாவில் அமைந்தது. அயற்பெயர்களுக்குரிய காத்தகானாவின் அடிப்படை எழுத்துகள் 46; அவற்றுள் 20 மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன. அரக்கர், ஊர், மந்திரம் ஆகியவற்றின் காத்தகானாப் பெயர்கள் யாவும் அந்த இருபதுக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும். புகழ்பெற்ற ‘ஸ்லைம்’ என்னும் சிற்றுயிரின் பெயர் ஸு, ரா, இ, மு என்னும் நான்கு எழுத்துகளால் ஆனது. நான்கும் அவ்விருபதில் உள்ளவை.

வல்லொலியை ஒலிப்புடையதாக்க ஜப்பானியர் எழுத்தின் தலையில் இரு சிறு கோடுகள் இடுவர். அக்கோடுகளைத் தனிக்குறியாக மேல்வரியில் வைத்ததால், எழுத்தின் எண்ணிக்கை கூடாமலே ஒலிகள் பெருகின. தமிழில் ககரமும் தகரமும் சொல்லில் நிற்கும் இடத்தால் ஒலி வேறுபடுகின்றன. நமக்கு அக்கோடும் வேண்டியதில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இனி, ஓவியத்தில் செய்த சிக்கனத்தை ஈடுசெய்ததும் மொழியே. வீரன் எத்திசையில் நடந்தாலும் அவன் முகம் நம்மையே நோக்கியிருக்கும். பக்கவாட்டுப் படங்களுக்கு இடமில்லை. ஆகவே ஒருவரிடம் பேச விரும்பினால், ‘பேசு’ என்னும் ஏவலைத் தேர்ந்து, பின் வடக்கா தெற்கா கிழக்கா மேற்கா என்று திசைச்சொல்லையும் தேர வேண்டும். படிக்கட்டில் ஏறவும் தனி ஏவல் உண்டு! இன்றைய இளையர்க்கு இது நகைப்பூட்டலாம். படம் சொல்ல வேண்டியதைச் சொல் சொல்லிற்று என்றே நாம் கொள்கிறோம்.

ஆட்டத்தை இடையில் நிறுத்தி மறுநாள் தொடர்வதற்கும் எழுத்தே துணை. ‘உயிர்ப்பிக்கும் மந்திரம்’ என்னும் பெயரில் 20 ஹிராகானா எழுத்துகள் திரையில் தோன்றும். அவை 5, 7, 5, 3 என்று பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. முதல் மூன்றும் ஹைக்கூவின் அளவே. பொருளற்ற அவ்வெழுத்துகளைச் சிறுவர் குறிப்பேட்டில் பார்த்தெழுதினர். தெளிவற்ற தொலைக்காட்சித் திரையில் ‘நு’வும் ‘மே’வும் வடிவால் மயங்கும். ஓரெழுத்துப் பிழைத்தால் பல மணி நேர உழைப்பு வீண். ஆசிரியர் சொல்லியும் வாராத எழுத்துக் கவனம் அங்கே தானே வந்திருக்கும் என நினைக்கத் தோன்றுகிறது.

1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் அம்மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. 1988இல் மூன்றாம் பாகத்தின் பொதியுறையில் மின்கலத்தால் இயங்கும் நினைவகம் இடம்பெற்றது. குறிப்பேட்டின் தேவை ஒழிந்தது.