காந்தக்கல்லின் 73 ஆண்டுகள்

காந்தம் இரும்பை ஈர்ப்பதை உயிருக்கும் இறைக்குமான உறவுக்கு உவமையாக்கும் பாடல்களை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வருகிறேன். ஆயினும் அந்தக் காந்தத்தைப் பற்றி நான் அறிந்திருந்தது ஈர்ப்பு ஒன்றையே. மின்சாரம் செல்லும் வழியிலும் அது குறுக்கிடும் என்பதை அண்மையில்தான் படித்தறிந்தேன். அவ்வரலாற்றில் என்னை உறுத்திய பகுதி ஒன்று உண்டு.

தொடக்கம் 1857. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், காந்தமேற்றிய இரும்பின் மின்தடையை அளந்தார். காந்தத்தின் திசையிலேயே மின்சாரம் சென்றால் தடை கூடியது. குறுக்கே சென்றால் குறைந்தது. மாற்றம் மிகச் சிறிது. கணினி வன்தட்டில் எழுதியதைப் படிக்கும் முனைகளில் அது பயன்பட நூறாண்டுக்கு மேலாயிற்று.

இனி மேக்னடைட்டுக்கு வருவோம். இயற்கையில் கிடைக்கும் காந்தக்கல் இதுவே. மூன்று இரும்பணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த ஆக்சைடு. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பும் மூன்றை இழந்த இரும்பும் இதில் அருகருகே அமர்ந்துள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் தாவுவதே இங்கு மின்னோட்டம். அண்டை அணுக்களின் காந்தத் திசைகள் ஒத்திருந்தால் தாவல் எளிது. வெளியிலிருந்து காந்தப்புலம் தந்தால் திசைகள் மேலும் ஒழுங்குபட்டுத் தடை குறைகிறது. நல்ல படிகத்தில் அவை முன்பே ஒழுங்குபட்டிருப்பதால் விளைவு சிறிதே. சிறு துகள்கள் ஒட்டிய பொருளில், துகள்களின் எல்லைகளில் அது பெரிதாகத் தெரிகிறது.

1939இல் நெதர்லாந்தின் எவர்ட் வெர்வே இப்படிகத்தைக் குளிர்வித்துப் பார்த்தார். ஏறத்தாழ 120 கெல்வினில், அதாவது உறைநிலைக்கு 150 பாகைக்கும் கீழே, தடை திடீரென ஏறத்தாழ நூறு மடங்கு உயர்ந்தது. அவர் தந்த விளக்கம் அழகானது: தாவித் திரிந்த எலக்ட்ரான்கள் குளிரில் ஒரு வரிசை முறையில் இடம்பிடித்து அமர்ந்துவிடுகின்றன. பல ஆண்டுகள் இது ஏற்கப்பட்ட கருத்தாகவே விளங்கியது.

ஆனால் அவ்வரிசையை எவரும் நேரில் கண்டிருக்கவில்லை. குளிர்ந்ததும் படிகம் வெவ்வேறு திசை நோக்கிய நுண்பகுதிகளாகப் பிரிந்து எக்ஸ்கதிர்ப் படத்தைக் குழப்பியது. காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்வித்தால் ஒரு திசை மேலோங்கும். அதுவும் முழுத் தெளிவைத் தரவில்லை. பிற்கால அளவீடுகள் வெர்வே சொன்ன வரிசையோடு பொருந்தாதபோது, அப்படியொரு வரிசை உண்டா என்றே சிலர் ஐயுற்றனர். 2012இல்தான் பால் ஆட்ஃபீல்டின் குழுவினர், கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒரு துகளில் முழு அமைப்பையும் கண்டறிந்தனர். எலக்ட்ரான்கள் ஒரே அணுவில் அடங்காமல் மும்மூன்று இரும்பணுக்களில் பரவி நின்றன. வெர்வேயின் விளக்கம் அடிப்படையில் சரி, விவரத்தில் வேறு. அதைக் காண அவர் இல்லை, 1981இலேயே மறைந்துவிட்டார்.

என்னை உறுத்தியது இந்த 73 ஆண்டு இடைவெளி. எங்கள் துறையிலும் ஒரு நூலின் காலம் பற்றி ஒருவர் சொன்ன ஊகம், பாடநூலில் ஏறியதும் முடிவாகிவிடுகிறது. "அறிஞர் கருதுவர்" என்ற சொற்களை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் கரும்பலகையில் எழுதியவர்களில் நானும் ஒருவன். வெர்வேயின் ஊகத்தை இயற்பியலார் மதித்தனர். மதித்ததனாலேயே அளப்பதை நிறுத்தவில்லை. வரும் பருவத்தில் அச்சொற்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.